ஆண்பிள்ளை மண்

எங்கள் வீட்டு மண்ணைத் தின்ற பெண்ணுக்கு ஆண் பிள்ளை பிறக்கும் என்று எங்கள் குடும்பம் நம்பியது. மலேசியாவில், சிலிம் ரிவரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. அதன் சுவரை ஒட்டி ஒரு முனியாண்டி கோயில் இருந்தது. கோயில் என்பது பெரிய சொல். ஒரு கல், ஒரு சூலம், நான்கு கம்பங்களின் மேல் ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான். அந்தக் கூரையின் கீழே கிடந்த மண்ணைத்தான் வீட்டு மண் என்போம். சாமி எல்லோருக்கும் பொது, மண் மட்டும் எங்களுடையது என்பதுபோல ஒரு வழக்கம் எப்படியோ நிலைத்துவிட்டது.

நம்பிக்கைக்கு ஆதாரம் அம்மா. அவர் நான்கு மகன்களைப் பெற்றவர். ஒவ்வொரு மசக்கையிலும் அந்த மண்ணை அள்ளித் தின்றிருக்கிறார். என்னைச் சுமந்தபோது மட்டும் அதன் வாசனை அவருக்குப் பிடிக்காமல் போயிற்றாம். தின்னவில்லை, நான் பெண்ணாகிவிட்டேன். இந்தக் கதையை என் முன்னாலேயே, எந்தக் கசப்பும் இல்லாமல், பண்டிகைக்கு வந்தவர்களிடம் சொல்வார். நானும் சிரித்துக்கொண்டே கேட்பேன். மண்ணின் சக்திக்கு என் சகோதரர்கள் சாட்சி என்றால், நான் அவர்களைவிட வலுவான சாட்சி.

சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து பெண்கள் வருவார்கள். நாள் தள்ளிப்போனது உறுதியானதும் வந்துவிட வேண்டும் என்பது முறை. தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு, வெறும் வயிற்றில், மூன்று விடியற்காலைகள். அம்மா சூலத்தின் அடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அவர்களின் நாக்கில் வைப்பார். தண்ணீர் குடிக்கக் கூடாது, எச்சிலோடு விழுங்க வேண்டும். ஆண் பிறந்தால் சேவலோடு வந்து பொங்கலிட்டுப் போவார்கள். பெண் பிறந்தவர்கள் வருவதில்லை. வராதவர்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவும் இல்லை. ஆகவே எங்கள் வாசலுக்கு வந்த செய்தியெல்லாம் ஆண்பிள்ளைச் செய்தியாகவே இருந்தது. இந்த எளிய விஷயம் எனக்குப் புரிவதற்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

அந்த மண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து மழைக்கு நாள் கிழமை கிடையாது. லயத்தைச் சுற்றிச் சேறாகாத, பொலபொலப்பான மண் என்றால் அந்தத் தகரக் கூரையின் அடி மட்டுமே. எலிக்காக வளர்த்த பூனைகள் லயத்தில் நிறைய இருந்தன. மண்ணைத் தோண்டிக் காரியத்தை முடித்து மூடிவிட்டுப் போக அவற்றுக்கு வேறு இடம் ஏது? அம்மா விளக்குமாற்றோடு விரட்டுவார். "சாமி எடம்னு தெரியல, சனியனே" என்று வைவார். சாயங்காலம் அதே பூனைகளுக்கு நெத்திலித் தலைகளைக் கிள்ளிப் போடுவார். எங்களில் யாருக்கும் இதில் அருவருப்பு இருந்ததில்லை. பெருக்கிவிட்டால் சுத்தம் என்றே வளர்ந்தோம்.

மூத்த அண்ணனுக்குப் பெண் எடுத்தது தெலுக் இந்தானில். அண்ணியின் அப்பா அங்கே பசாரில் காய்கறிக் கடை வைத்திருந்தார். தோட்டத்து வாழ்க்கை அண்ணிக்குப் பழக்கமில்லை. அண்ணனுக்கு ஈப்போவில் லாரி ஓட்டும் வேலை என்பதால் இருவரும் அங்கேயே குடியிருந்தார்கள். முதலிரண்டும் பெண் குழந்தைகள். அம்மாவுக்கு அதில் வியப்பில்லை.

"ஈப்போவுல உக்காந்துக்கிட்டு மாத்திரைய முழுங்குனா பொட்டப்புள்ளதான் பொறக்கும். எங்க வீட்டு மண்ணு படாத வயிறு" என்றார்.

மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனதும் அண்ணியை அண்ணனோடு தோட்டத்துக்கு வரவழைத்தார். மூன்று விடியற்காலைகள் அண்ணி சூலத்தின் முன்னால் ஈரத் தலையோடு உட்கார்ந்தார். ஏழாம் மாதத்தில் குழந்தை அசைவது நின்றுவிட்டது. மருத்துவமனையில் எடுத்தபோது உயிர் இல்லை. ஆண்.

அது ஆணாக இருந்ததால் மண் பொய்க்கவில்லை என்று ஆயிற்று. இறந்து பிறந்ததற்குக் காரணம் வேண்டும் அல்லவா? அதை அம்மா ஒரு வாரத்துக்குள் கண்டுபிடித்தார். "மண்ண துப்பிட்டா. டவுன்காரிக்குத் தொண்டையில எறங்குமா? சாமி குடுத்தாரு, இவ துப்புனா, எடுத்துக்கிட்டாரு."

"துப்பல அத்த, முழுங்குனேன்" என்றார் அண்ணி. மருத்துவமனைக் கட்டிலிலும் சொன்னார், வீட்டுக்கு வந்த பிறகும் சொன்னார். சித்தப்பா, பெரியம்மா என்று விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பிறகு ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டார்.

குடும்பத்தில் அவருக்கு அதுவே பெயராயிற்று. மண்ணைத் துப்பியவள். வளைகாப்பு என்றால் அவரை வளையல் போடக் கூப்பிட மாட்டார்கள், சமையற்கட்டில் ஏதாவது வேலை கொடுப்பார்கள். அண்ணி மறுத்ததில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: தான் விழுங்கியதை யாராவது ஒருவர் நம்ப வேண்டும். மன்னிப்பையோ மரியாதையையோ கேட்டிருந்தால்கூட எங்களிடமிருந்து கிடைத்திருக்கலாம். அந்த நம்பிக்கையைக் கொடுக்க மட்டும் யாரும் இல்லை.

நான் அப்போது ஈப்போவில் ஒரு நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, மண்ணையும் சேவலையும் நம்பாதவளாக மாறியிருந்தேன். ஆறுதல் சொல்வதாக எண்ணிக்கொண்டு ஒருநாள் அண்ணியிடம், "துப்புனதுல ஒரு தப்பும் இல்ல அண்ணி. நானா இருந்தாலும் துப்பியிருப்பேன்" என்றேன். அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது. "நீயுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடியும் களைந்தார்.

தோட்டம் கைமாறியது. ரப்பர்ப் பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள், லயத்தை இடித்தார்கள். முனியாண்டியை மட்டும் தொடப் பயந்து விட்டுவிட்டார்கள். அம்மா ஈப்போவில் அண்ணனின் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருக்குச் சோறு போட்டு, முதுகு தேய்த்து, மருந்து எடுத்துக் கொடுத்தவர் அண்ணி. அந்த வீட்டில் சண்டை என்று ஒன்று நடந்ததில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நல்ல மருமகள் என்பார்கள். "ஆமா, நல்லவதான்" என்பார் அம்மா, வேறெதையோ விட்டுவைத்த குரலில்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் பார்வை மங்கியது. கண்புரை என்று நினைத்து ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். புரையும் இருந்தது. ஆனால் மருத்துவர், இளம் மலாய்ப் பெண், கருவி வழியே நெடுநேரம் பார்த்துவிட்டு, விழித்திரையில் மிகப் பழைய தழும்பு ஒன்று இருப்பதாகச் சொன்னார். சின்ன வயதில் பூனையோடு பழகியதுண்டா என்று மலாயில் நிதானமாகக் கேட்டார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க லயத்துல மனுசன விடப் பூனைதான் ஜாஸ்தின்னு சொல்லு" என்றார் என்னிடம்.

இரத்தம் எடுத்துப் பார்த்ததில், டோக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி எப்போதோ உடலுக்குள் புகுந்ததற்கான அடையாளம் இருந்தது. இப்போது பயப்பட ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். அம்மா அதோடு அதை மறந்துவிட்டார். நான் பழக்கதோஷத்தால் அதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

அந்த ஒட்டுண்ணி பூனையின் குடலில் பெருகி, அதன் மலத்தோடு மண்ணுக்கு வருகிறது. மண்ணிலிருந்து கைக்கும் கீரைக்கும், அங்கிருந்து வாய்க்கும் போகிறது. பெரும்பாலோருக்கு ஒரு காய்ச்சல்கூட இல்லாமல் நுழைந்து, தசையிலும் மூளையிலும் ஆயுள் முழுக்க உறங்கிக் கிடக்கிறது. இதுவரை அமைதியாகப் படித்தேன். அடுத்து வந்ததை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. பிரசவப் பதிவுகளைத் தாய்மாரின் இரத்தச் சோதனையோடு ஒப்பிட்ட சில ஆராய்ச்சியாளர்கள், இந்த ஒட்டுண்ணியைச் சுமந்த பெண்களுக்கு, அதிலும் தொற்று ஏற்பட்டு அதிக நாளாகாதவர்களுக்கு, ஆண் குழந்தைகள் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பிறந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். காரணம் உறுதியாகத் தெரியாது. ஆண் கருவைத் தாயின் உடல் சற்று அதிகமாக அந்நியமாகக் கருதுகிறது, அதனால் தாய்க்கே தெரியாமல் ஆண் கருக்கள் பல தொடக்கத்திலேயே கலைந்துபோகின்றன, ஒட்டுண்ணி தன்னைக் காத்துக்கொள்ள உடலின் எதிர்ப்பை மந்தப்படுத்தும்போது அவற்றில் சில பிழைத்துக்கொள்கின்றன என்பது ஓர் ஊகம். எலிகளில் தொற்றின் தொடக்கத்தில் ஆண் குட்டிகளும், நாள்பட்ட பிறகு பெண் குட்டிகளும் கூடினவாம். வேறு ஊர்களில் எண்ணிப் பார்த்தவர்களுக்கு இப்படி எந்த வேறுபாடும் தென்படவில்லை.

கணினியை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் குடும்பம் இத்தனை காலம் தலை நிமிர்ந்து நடந்ததற்குக் காரணம், பூனையின் குடலிலிருந்து வந்த ஒன்றின் தயவாக இருக்கலாம். அதுகூட இல்லாமல், காசைச் சுண்டி விட்டால் நான்கு முறை ஒரே பக்கம் விழுவதுபோன்ற தற்செயலாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அம்மா பிறர் நாக்கில் வைத்த மண்ணுக்கு அதில் பங்கில்லை. நாள் தள்ளிப்போன பிறகு வந்தவர்களின் வயிற்றில் ஆணா பெண்ணா என்பது ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயம். இவ்வளவும் வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் யாரிடமாவது சொல்லிச் சிரித்துவிடக்கூடிய வெட்கம்.

அதே கட்டுரையின் அடுத்த பகுதி அப்படியல்ல. சிறு வயதிலேயே தொற்று வந்துபோன பெண்ணின் கருவுக்குப் பொதுவாக ஆபத்தில்லை. அதுவரை தொற்றே இல்லாத ஒரு பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் முதன்முறையாக அது வந்தால், குழந்தையின் கண்ணையோ மூளையையோ தாக்கும், வயிற்றிலேயே குழந்தை இறந்துபோவதும் உண்டு. லயத்தில் பூனைகளோடு வளர்ந்த பெண்கள் அந்த மண்ணை விழுங்கியது வேறு. தெலுக் இந்தானில், சிமெண்டுத் தரையில் வளர்ந்த அண்ணி விழுங்கியது வேறு.

படித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணனின் மூத்த மகள் கர்ப்பமாகாமல் இருந்திருந்தால் சொல்லாமலே போயிருப்பேனோ என்னவோ.

லூமுட்டில் கணவனோடு இருந்த அவள், செய்தி சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்கு வந்தாள். சிலிம் ரிவரில் செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் என் கடைசித் தம்பியும் அன்று வந்தான். அவன் கையில் ஒரு மைலோ டின் இருந்தது. அம்மா தொலைபேசியில் சொல்லி எடுத்துவரச் செய்திருந்தார்.

"முனியாண்டி எடம் அப்படியேதான் இருக்கும்மா. சுத்திச் செம்பனை. லாரிக்கார பயலுங்க மாலையெல்லாம் போட்டு வச்சிருக்கானுங்க" என்றான் தம்பி.

அம்மா டின்னை மடியில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு வெள்ளனா எழுந்து தலைக்கு ஊத்திக்க" என்றார் பேத்தியிடம். அவள் தன் தாயைப் பார்த்தாள். அண்ணி கோப்பி கலக்கச் சமையற்கட்டுக்குப் போனார். வேண்டாம் என்று அவர் சொன்னால், துப்பியவள் அப்படித்தான் சொல்லுவாள் என்று ஆகிவிடும்.

"அத அவளுக்குக் குடுக்கக் கூடாதும்மா" என்றேன்.

பிறகு எனக்குத் தெரிந்ததை, முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். கண்ணில் இருந்த தழும்பு, பூனை, மண், ஆண் குழந்தைகள் கூடுவதாகச் சிலர் சொல்வது, இல்லை என்று சிலர் சொல்வது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அப்ப நாங்க நாலு பேரும் பூனை பீயிலேருந்து வந்தவனுங்களா, அக்கா?"

"ஒங்களப் பாத்தா அப்படித்தான் இருக்கு சித்தப்பா" என்றாள் அண்ணன் மகள்.

எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. அவர் முகத்தில் வேறொரு ஒளி வந்திருந்தது. "அப்ப உண்மதானே? இந்த மண்ணுல ஆம்பளப்புள்ள இருக்கு. நான் இத்தன வருசமா வாயால சொன்னத இவ இங்கிலீசுல படிச்சிட்டு வந்து சொல்றா" என்றார்.

"பெத்துல்லா, நெசந்தான். அம்மா சொன்னது சரியாப்போச்சு" என்றான் தம்பி.

நான் கொண்டுவந்த அறிவு அம்மாவின் பெருமைக்கு முத்திரை குத்துவதைப் பார்த்து எனக்குக் காது சூடேறியது. அதனால்தான் மீதியைச் சற்றுக் கடுமையாகச் சொன்னேன். "புள்ள வயித்துல இருக்கறப்ப மொத தடவையா இது உள்ள போனா புள்ள செத்துப்போகலாம்மா."

அந்தச் சொல் எங்கே போய் விழும் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அண்ணி கோப்பித் தட்டோடு சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தார். தட்டை மேசையில் வைத்தார்.

"ஏழு மாசத்துலயும் சாகுமா?"

"சாகலாம் அண்ணி. ஒங்களுக்கு அதுதான்னு உறுதியா யாரும் சொல்ல முடியாது. அப்ப யாரும் ரத்தம் எடுத்துப் பாக்கல."

"இவளுக்கு எப்படி வரும்?" என்றார் அம்மா. "இவதான் துப்பிட்டாளே."

"துப்பல அத்த." மருத்துவமனைக் கட்டிலில் கேட்ட அதே குரல்.

"துப்புன. எனக்குத் தெரியும்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா? புள்ள செத்துச்சுல்ல?"

அதுவரை தொலைக்காட்சியின் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த அண்ணன், திரும்பாமலே பேசினார். "அவ துப்பல. மூனு நாளும் நான் பின்னால நின்னேன். கடைசி நாளு அவளுக்கு வாந்தி வந்துச்சு. அதையும் வாயிலேயே அடக்கி முழுங்குனா."

"அப்ப ஏன்டா இத்தன நாளு சொல்லல?" என்று கேட்ட அம்மாவின் குரலில் அதட்டல் இல்லை.

"நீங்க ஒன்னு சொன்னப்பறம் நான் என்னத்தச் சொல்றது?"

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தகிட்டச் சொல்ல வேணாம். நீங்க பாத்தத எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா" என்றார். "நீங்களும் நம்பலன்னுல்ல நான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அண்ணி அம்மாவின் மடியிலிருந்து டின்னை எடுத்தார். அம்மா விட்டுவிட்டார். அண்ணி அதை வெளியே கொண்டுபோய் வாய்க்காலில் கொட்டி, குழாயைத் திறந்து நெடுநேரம் கை கழுவினார். உள்ளே வந்து, "டின்னத் தொட்டவங்க எல்லாம் சோப்பு போட்டுக் கைய கழுவிட்டு வாங்க. கோப்பி ஆறுது" என்றார். தம்பி முதலில் எழுந்து போனான்.

என் அம்மாவைக் கொடுமைக்காரியாக எழுத எனக்கு மனம் வரவில்லை. தன்னிடம் இருந்த ஒரே செல்வத்தைக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தவர் அவர். கொடுத்தது என்னவென்று அவருக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அதற்காக நான் வெட்கப்படுவதில்லை. விழுங்கினேன் என்று ஒரு பெண் சொன்னதை நம்புவதற்கு நுண்ணோக்கி தேவையில்லை. பார்த்த ஒருவர் சொல்லியிருக்கலாம், பார்க்காத நாங்கள் நம்பியிருக்கலாம். நானும் நம்பவில்லை என்பதைச் சொல்லிப் பழகிய பிறகும் எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

அந்த மாதமே அண்ணி மகளோடு லூமுட்டுக்குப் போனார். பிரசவத்துக்குத் துணை என்று சொல்லித்தான் போனார். அண்ணியின் பாயும் சேலைகளும் வீட்டில் இல்லை என்பதை அண்ணன் இரண்டொரு வாரம் கழித்தே கவனித்தார்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் அடிக்கடி போனேன். ஒரு மத்தியானம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, "நான் கெட்டதுக்கா குடுத்தேன்?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"நம்பித்தானே முழுங்கியிருக்கா." அதற்குப் பிறகு அன்று அவர் சாப்பிடவில்லை.

குழந்தை பிறந்த செய்தியை அண்ணி தொலைபேசியில் சொன்னார். தொலைபேசியை அம்மாவின் காதில் வைத்தேன். "என்ன புள்ள?" என்று அம்மா கேட்டார்.

"நல்லா இருக்கு அத்த. கண்ணெல்லாம் நல்லாத் தெரியுதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"என்ன புள்ளன்னு கேட்டேன்."

"பொண்ணு."

"சரி. நீ சாப்புட்டியா?" என்றார் அம்மா. அண்ணி சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

அந்தக் குழந்தை நடக்கத் தொடங்குவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்தார். அண்ணி வந்தார். மூத்த மருமகள் செய்ய வேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார். கருமாதி முடிந்த மறுநாள் காலை, வாசலில் நின்ற மகளின் காரில் ஏறிக்கொண்டார். இரு என்று சொல்ல அண்ணன் கேட் வரை போனார். சொல்லாமல் திரும்பி வந்தார்.

தம்பிகள் அவரவர் ஊரில் இருக்கிறார்கள். அண்ணி லூமுட்டில் பேத்தியை வளர்க்கிறார். ஈப்போ வீட்டில் இப்போது அண்ணன் மட்டும் இருக்கிறார். சனிக்கிழமைகளில் நான் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருகிறேன்.